ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

எனக்கென்று ஓர் இடம் வேண்டும்.

இந்த முடிவை எடுத்ததும் திரும்பி, பூவிழி பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. மறுபடி ஒருமுறை, கொஞ்சம் உறுதியாக, எடுத்தேன்.

பூவிழி என் மனைவி. மரக்காணத்தில் யார் வயசுக்கு வந்தாலும், யார் கல்யாணம் கட்டினாலும், யார் கண்ணை மூடினாலும் பேனர் டிசைன் செய்வது அவள்தான். வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர். அதுதான் அவள் கடை. நான் ஜெயசீலன் முதலாளியின் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. பகலெல்லாம் வெயிலில் மூட்டை எண்ணிவிட்டு வந்து, கொஞ்ச நேரம் செஸ் ஆடலாம் என்று அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், "எழுந்திருங்க, கண்ணீர் அஞ்சலி அவசரம்" என்பாள். செத்தவரோடு மல்லுக்கு நிற்க முடியுமா? எழுந்துவிடுவேன்.

அப்போதுதான் ஃபோனில் அந்த வீடியோ வந்தது. ஒரே கம்ப்யூட்டருக்குள் இன்னொரு டிரைவை, அதாவது ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, அதில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற வேறொரு ஓஎஸ் போட்டுக்கொள்ளலாமாம். ஒரு டிரைவில் அவளுடைய விண்டோஸ். இன்னொன்றில் என்னுடைய உபுண்டு. ஒரே பெட்டி, தனித்தனிக் குடித்தனம். ஸ்விட்சைப் போட்டதும் எது வேண்டும் என்று அதுவே கேட்குமாம்; டூயல் பூட் என்று பேராம். அவள் பக்கம் நான் போகமாட்டேன். என் பக்கம் ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு டிரைவ் வாங்கி வந்து தலையணை உறைக்குள் ஒளித்தேன். சாப்பிடும்போதெல்லாம் வீடியோ பார்த்தேன். நீளமான வீடியோ. அந்த ஆள் அறிவுரை சொல்லும் இடங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அறிவுரைக்கு வீட்டில் பஞ்சமில்லை.

"என்னங்க அது, பூட்டு பூட்டுன்னு கத்துது?" என்றாள் அடுப்படியிலிருந்து.

"டூயல் பூட்."

"ரெட்டைப் பூட்டா? எந்தக் கதவுக்கு?"

"ஆபீஸ் கதவுக்கு. உப்பு திருடு போவுது."

"உப்பு வெட்டவெளியில மலை மாதிரி கெடக்குது. திருடன் கதவு வழியாதான் வருவானா?"

வாயில் சோறு இருப்பதுபோல் நடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூவிழியும் அவள் தங்கை மலர்கொடியும் பெருமுக்கல் மலைக்கோயிலுக்குக் கிளம்பினார்கள். ஸ்கூட்டரில் உட்கார்ந்த பிறகு பூவிழி திரும்பிப் பார்த்தாள்.

"ஜெயசீலன் அண்ணன் பொண்ணு கல்யாண பேனர் முடிச்சு வச்சிருக்கேன். நாளைக்குப் பிரிண்ட்டுக்குப் போவணும். கம்ப்யூட்டர் பக்கம் போவாதீங்க."

"நான் ஏன் போறேன்?"

"ஏன்னு எனக்குத் தெரியலை. போவாதீங்க."

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். சிபியு மூடியின் ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்திருக்கும் என்று பயந்தேன். எங்கள் ஊர்க் காற்றில் சாமி வேல்கூட துருப்பிடிக்கும். ஆனால் தொட்டதும் கழன்றன. நல்ல சகுனம். உள்ளே ஒரு கேபிள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. எனக்காகவே விட்டுவைத்த மாதிரி! என் டிரைவில் செருகினேன். அவளுடைய டிரைவ் எங்கே என்று தேடினேன். கண்ணில் படவில்லை. பூவிழி எதையும் நம் கைக்கு எட்டும்படி வைக்கிறவள் இல்லை. உள்ளே எங்காவது ஆழத்தில் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வீடியோவில் சொன்னபடி உபுண்டு ஏற்றி வைத்திருந்த பென்டிரைவைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். திரை கேட்டது: டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்யட்டுமா?

'அழித்துவிட்டு' என்ற சொல்லைப் பார்த்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்தேன். எந்த டிஸ்க் என்று பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் காட்டியது. இரண்டு காட்டினால்தானே குழப்பம்? தைரியமாக அமுக்கினேன்.

எல்லாம் முடிந்து மறுபடி உயிர் வந்தது. உபுண்டு வந்தது. அது மட்டும்தான் வந்தது. எது வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. விண்டோஸைக் காணோம்.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. பெட்டிக்குள் இரண்டு டிரைவ். காட்டியது ஒன்று. அப்படியென்றால் நான் அழித்தது யாரை?

முதுகில் வேர்வை ஓடியது. காயவிட்டிருந்தால் ஒரு பாத்தி உப்பு வாரியிருக்கலாம். இந்த ஊர்ப் பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, கருமாதி அத்தனையும் போச்சு. முதலாளி மகள் தமிழ்நிலாவின் கல்யாணமும் போச்சு. நிறுத்தி மறுபடி போட்டேன். உபுண்டு. கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். உபுண்டு. மலைக்கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போட்டேன். அப்போதும் உபுண்டு.

வாசலில் புல்லட் சத்தம். ஜெயசீலன் முதலாளியேதான்.

"ஏம்பா சகாதேவா, அந்தப் பேனரைக் கொஞ்சம் காட்டு. என் மச்சான் சேட்டு ஒரே ரகளை. தாய்மாமன் போட்டோ சம்பந்தி போட்டோவைவிடச் சின்னதா இருக்குதாம். சோறு வேணாம்னு படுத்துட்டான்."

"டீ சாப்பிடறீங்களா முதலாளி?"

"பேனரைக் காட்டுப்பா." அவர் திரையைக் குனிந்து பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "உ... புண்... டு. உப்பு உண்டா! அடேய், நம்ம உப்பளத்துக்கு விளம்பரமா?"

"ஆமாங்க முதலாளி," என்றது என் வாய்.

"நல்லாத்தான் இருக்குது. அது கெடக்கட்டும். கல்யாணத்தைக் காட்டு."

"உப்புக் காத்துங்க. உள்ளே துரு ஏறிடுச்சு. ஓபன் ஆவலை."

"நேத்துகூட உன் சம்சாரம் வாட்ஸப்புல அனுப்பிச்சே?"

"இன்னிக்குக் காத்து ஜாஸ்திங்க."

முதலாளி ஜன்னல் வழியே பார்த்தார். முருங்கை மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

"இதோ பாரு. பேனர் நிக்கலைன்னா சேட்டு மேடையில நிக்க மாட்டான். சேட்டு நிக்கலைன்னா என் பொண்டாட்டி நிக்க மாட்டா. அவ நிக்கலைன்னா, அப்புறம் நீ எங்க நிப்பேன்னு பாத்துக்க."

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பூவிழி வரும்வரை போகமாட்டாராம். நான் டீ போட்டேன். அவர் குடித்தார். மறுபடி போட்டேன். மறுபடி குடித்தார். உள்ளே பால் தீர்ந்தது. வெளியே என் ஆயுசும் அப்படித்தான் தெரிந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வாசல் படலுக்கு ஓடினேன். இறங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டிரைவ், உபுண்டு, அழித்தது, முதலாளி, சேட்டு. பூவிழி திட்டவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அவள் திட்டினால் எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தால்தான் தெரியாது.

"பூவு, இனிமே பாத்திரமெல்லாம் நான் கழுவறேன்."

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டாள்.

"துணியும் நானே தொவைக்கிறேன்."

"ம்."

"உன் தங்கச்சி ஒரு மாசம் இங்கயே தங்கட்டும். நானே சமைச்சுப் போடறேன்."

"ரெண்டு மாசம் மாமா," என்றாள் மலர்கொடி.

"அவ்வளவுதானா? இன்னும் ஏதாச்சும் இருக்குதா?" என்றாள் பூவிழி.

"கொசுவலையும் நானே கட்டறேன்."

அவள் உள்ளே போய் முதலாளிக்கு வணக்கம் சொன்னாள். அர்ச்சனைப் பையைப் பிரித்தாள். தேங்காய் மூடி வந்தது. வாழைப்பழம் வந்தது. அதற்கடியில் துண்டில் சுற்றி, குங்குமப் பொட்டு வைத்து, அவளுடைய டிரைவ் வந்தது.

நான் டிரைவைப் பார்த்தேன், கம்ப்யூட்டரைப் பார்த்தேன். சிபியு மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

மேஜை டிராயரிலிருந்து இன்னொரு கேபிளை எடுத்து மாட்டினாள். ஸ்விட்சைப் போட்டு ஏதோ ஒரு பட்டனை அமுக்கினாள். எது வேண்டும் என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது. விண்டோஸ் வந்தது. தமிழ்நிலா வந்தாள். சேட்டு வந்தார், பூவிழி அவரை இழுத்துப் பெரிதாக்கினாள். சம்பந்தியைவிட ஒரு மீசை அளவு பெரிதானதும் முதலாளி கிளம்பிவிட்டார்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"தலையணை உறையை யாரு தொவைக்கிறது? உள்ளே டிரைவைப் பாத்தேன். அந்த வீடியோவையும் தேடி முழுசா பாத்தேன். புதுசு மாட்டறதுக்கு முன்னாடி பழைய டிரைவைக் கழட்டி வைங்கன்னு அந்தாளு தலைபாடா அடிச்சுக்கறான். நீங்க செய்ய மாட்டீங்க. நானே கழட்டி எடுத்துட்டுப் போயிட்டேன். அதுக்கும் சேத்து ஒரு அர்ச்சனை பண்ணேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டாரு."

"என்ன சொன்னே?"

"உங்களோடதைச் சொன்னேன். ஆபத்து உங்களுக்குத்தானே."

"அப்போ என் டிரைவ்?"

"நல்ல டிரைவுங்க. பேனருக்கெல்லாம் இன்னொரு காப்பி வைக்க எடமில்லாம தவிச்சுட்டிருந்தேன். நீங்களே வாங்கி, நீங்களே மாட்டி, காலி பண்ணியும் குடுத்துட்டீங்க."

"அப்போ எனக்கு? ஒரு செஸ் ஆடக்கூட எடமில்லையா?"

"ஃபோன்ல ஆடுங்க. யாரு வேணாம்னா?"

நியாயம்தான். ஃபோனைத் தேடிக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். மலர்கொடி என் கட்டிலில் சாய்ந்து, என் ஃபோனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க மாமா. சார்ஜ் எறங்கிடுச்சு. அந்தச் சார்ஜரை எடுத்து இப்படிக் குடுங்க."