என் மூச்சுக்கு நானே காவல் இருந்த கதை

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. உன் சுகமும் அத்தானின் முழங்கால் சுகமும் அறிய ஆவல். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம்.

போனில் "குரல் ஏன்டா இப்படி இருக்கு?" என்று கேட்டாயே, ஜலதோஷம் என்று நான் சொன்னது பொய். என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்றிருந்தாள். உண்மையை இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

மூன்று வாரத்துக்கு முன்னால் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்த வாத்தியார், நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தபோது, "சில பேருக்குத் தூக்கத்துல மூச்சு தானா நின்னுடுதாம், தெரியுமா?" என்றார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார், மாட்டிக்கொண்டது நான். அன்றிரவு படுத்ததும் என் மூச்சைக் கவனித்தேன். அங்கேதான் அக்கா தப்பு நடந்தது. நாற்பத்தெட்டு வருஷமாகச் சொல்லாமலே வேலை பார்த்த மூச்சு, கவனித்த நிமிஷத்திலிருந்து நான் இழுத்தால்தான் வருவேன் என்று அடம்பிடித்தது. நான் தூங்கிவிட்டால் யார் இழுப்பது? நெஞ்சு அடைத்தது. ஜன்னலைத் திறந்தேன், போதவில்லை. வாசல் கதவைத் திறந்தேன், அதுவும் போதாமல் ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். வெளிச்சம் பார்த்து வந்த அவள், "என்னங்க, பசிக்குதா?" என்றாள். பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமா" என்று சொல்லி, நின்றபடியே ஒரு முழு வெள்ளரிக்காயைத் தின்று தீர்த்தேன். மறுநாளிலிருந்து அவள் எனக்காகத் தினமும் இரண்டு வெள்ளரிக்காய் வாங்கி வைக்கிறாள்.

தலையணை நான்கு அடுக்கிப் படுத்தேன். சரிந்து விழுந்து அலமாரி மூலையில் மண்டை இடித்தது. பெரியவளுக்கு விஷயம் தெரிந்து, "அப்பா, நாலு எண்ணி இழுங்க, ஏழு எண்ணி நிறுத்துங்க, எட்டு எண்ணி விடுங்க" என்றாள். ஐந்து வரை வந்ததும் இது நிறுத்துகிற ஐந்தா, விடுகிற ஐந்தா என்று குழம்பி, மறுபடி மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், அதுவும் சத்தமாக. மாடிக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டி, "ஏன் சார், இந்த நேரத்துல ஏலமா விடறீங்க?" என்றார்.

கடைசியில் பெரியவள் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, "நுரையீரல் நல்லா இருக்கு, இதயமும் நல்லா இருக்கு. இது பயம். இழுத்துக்கிட்டே இருக்கீங்க, விடவே மாட்டேங்கறீங்க. மெதுவா விடுங்க, உள்ள வர்றது தானா வரும்" என்றார்.

"நான் செத்துருவேனா டாக்டர்?"

"எல்லாரும்தான். ஆனா இதால இல்ல."

அங்கேயே அழுதுவிட்டேன் அக்கா. எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டு படுக்கச் சொல்லி, விரலில் ஒரு கவ்வி, மூக்கில் ஒரு குழாய் என்று, மூச்சு நிற்கிறதா எனக் கணக்கெடுக்கும் சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்தார். அது காவலுக்கு இருக்கிறது என்ற தைரியத்தில் நேற்று மரக்கட்டை மாதிரி தூங்கினேன். முடிவு நாளைக்கு. மோசமாகத்தான் வரும், நீ உடனே புறப்பட்டு வா. அவளால் தனியாக என்னைச் சமாளிக்க முடியாது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நூறு வயது வாழட்டும், நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு.

அன்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முடிவு வந்துவிட்டது, அதோடு கடிதம் ஒரு வாரம் அப்படியே கிடந்தது. மணிக்கு இருபத்திரண்டு தடவை மூச்சு நிற்கிறதாம். நான் டாக்டர் அறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது அவள், "அது நானுங்க" என்றாள். "நீங்க படுத்த கொஞ்ச நேரத்துலயே தூக்கத்துல கழட்டி எறிஞ்சுட்டீங்க. காலையில திருப்பிக் கொடுக்கணுமே, சும்மா கிடக்குதேன்னு நான் மாட்டிக்கிட்டேன்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவளுக்கே மறுபடி வைத்துப் பார்த்தார்கள், அதேதான். ராத்திரிக்குக் காற்றை உள்ளே தள்ளும் முகமூடி ஒன்று மாட்டினால் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். அவள் பயப்படவில்லை. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. ஆனால் நீ வா, அவளைப் பார்க்க வா. நேற்று அவள் முகமூடியோடு தூங்கினாள். அவள் மூச்சு நிற்காமல் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், என்னுடையதைக் கவனிக்க மறந்தே போனேன்.