எண்பத்தைந்து சைஸ் ஃபேன் பெல்ட்

பனியன் தொழிலில் பத்து வருஷம் இருந்தவனுக்கு ஒரு வியாதி வரும். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும் என்று நம்ப ஆரம்பித்துவிடுவான். எனக்கு அது மூன்றே வருஷத்தில் முற்றிவிட்டது. அதனால் குன்னத்தூர் பக்கம் ஒரு தோட்டத்து முன்னால் நான் பட்ட பாட்டை இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டில் சொல்லிவிடுவார்கள். நானே சொன்னால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.)

அறுபதுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்தாறு. பெண் கேட்டு மூன்று இடம் போய், மூன்று இடத்திலும் ஒரே கேள்வி. "மாப்பிள்ளைக்குத் தோட்டம் எத்தனை ஏக்கருங்க?" கம்பெனி வேலை என்றதும் அவர்கள் முகம் வெயிலில் வைத்த வாழையிலை மாதிரி ஆகிவிடும். பூமி ஓடிப்போகாது, கம்பெனி ஓடிப்போய்விடும் என்பது அவர்கள் கட்சி.

நாலாவது இடம் குன்னத்தூர். பெண் பெயர் சரஸ்வதி. இதுவும் தட்டிப்போனால் அடுத்த இடம் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்று தரகர் சொல்லிவிட்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நாள் முழுக்க மிஷினோடு பேசிவிட்டு ராத்திரி அறைக்கு வந்து சுவரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. எப்படியாவது இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

தரகர் ஒரு வழி கண்டுபிடித்தார். "மாப்பிள்ளை சொந்தக் கார்ல வருவாருன்னு சொல்லிப்போட்டனுங்க தம்பி. நீங்க ஒரு காரோட வந்து நில்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். தப்பு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், "என்ன கலருன்னு சொன்னீங்க?" என்றுதான் கேட்டேன்.

கார் எங்கள் முதலாளியிடம் இருந்தது. மலை எஸ்டேட்டை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. இரண்டே பேர் உட்காரும் பச்சைக் கார், ரேஸில் ஓடுகிற ஜாதி. வாங்கிய பிறகுதான் முதலாளி தன் வயிற்றை யோசித்தார். ஸ்டீரிங்குக்கும் ஸீட்டுக்கும் நடுவில் அது நுழையவில்லை. அதனால் கார் பெரும்பாலும் ஷெட்டில்தான் நின்றது. கம்பெனி வேனில் நான் டிரைவிங் பழகியிருந்ததால் தைரியமாகச் சாவியைக் கொடுத்தார்.

"ஃபேன் பெல்ட்டு நைஞ்சு கெடக்குதுங்க தம்பி. புதுசு ஒண்ணு பின்னால வெச்சிருக்கறேன். மாத்திப்போட்டுக் கெளம்புங்க" என்றும் சொன்னார்.

சரிங்க என்றேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க நான் காரின் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் வீட்டில் பெல்ட்டையா திறந்து பார்க்கப்போகிறார்கள்?

அம்மாவும் சித்தியும் பஸ்ஸில் போவது என்றும், நானும் தாய்மாமனும் காரில் போவது என்றும் முடிவாயிற்று. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் பெண் பார்த்து முடிக்க வேண்டும் என்று பெண் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மாமா அந்தக் காரில் உட்கார்ந்ததும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்த மாதிரிதான் இருந்தார். ரோட்டில் போன ஆட்டுக்குட்டிகளை அண்ணாந்து பார்த்தபடி வந்தார்.

பெருமாநல்லூர் தாண்டி வெகுதூரம் போனதும், "மாப்ளே, இங்க ஒரு செவப்பு லைட்டு எரியுதே" என்றார்.

"அது அழகுக்கு வெச்சிருக்கறாங்க மாமா."

அழகு இரண்டு மைல் எரிந்தது. பிறகு பானெட்டிலிருந்து ஆவி வந்தது. இறங்கித் திறந்தால் பழைய பெல்ட் அறுந்து பாம்புச் சட்டை மாதிரி கிடந்தது. அப்போது மணி இரண்டே முக்கால். குன்னத்தூருக்கு இன்னும் நாலு மைல்.

அந்த இன்ஜினை இப்போது நினைத்தாலும் விரல் எரிகிறது. சின்னப் பெட்டிக்குள் பெரிய குடும்பம் குடியிருப்பதைப் போல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு விரல் போகும், மூன்றாவது விரல் வெளியே நிற்க வேண்டும். ஒரு பக்கம் டைனமோ, அதை ஒட்டினாற்போல் பக்கத்துத் தகடு. சூடு ஆறும்வரை காத்திருந்து, புது பெல்ட்டை ஒரு சக்கரத்தில் மாட்டினேன், இன்னொன்றில் மாட்டினேன். மூன்றாவது சக்கரத்துக்கு அரை விரற்கடை எட்டவில்லை.

இங்கேதான் என் வியாதி வேலை செய்தது. எட்டாவிட்டால் இழுக்க வேண்டியதுதானே? இழுத்தேன். மாமாவும் இழுத்தார். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினோம். என் விரல் முட்டியெல்லாம் தோல் போயிற்று. பெல்ட் மட்டும் ஒரு நூல்கூட நீளவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடைக்காரன் சைஸ் மாத்திக் குடுத்துப்போட்டான் மாமா. இது எண்பது. இந்தக் காருக்கு எண்பத்தஞ்சு வேணும்."

"காருக்குமா சைஸ் பாக்கறாங்க?" என்றார் மாமா.

எங்களைக் கடந்து ஒரு பஸ் போயிற்று. அதன் ஜன்னலில் அம்மா. இயற்கைக் காட்சி பார்க்க நிறுத்தியிருப்பதுபோல் நான் சிரித்துக் கையாட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

எண்பத்தைந்து என்று வாயில் வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. பெண்ணின் அப்பாவுக்கென்று கம்பெனிப் பனியன் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தேன். மிஷினில் பனியன் துணி குழாய் மாதிரிதான் இறங்கும். பக்கவாட்டில் தையலே கிடையாது. குறுக்கே வெட்டினால் ஒட்டுப் போடாத வளையம். இதைவிட நல்ல பெல்ட்டை எந்த வெள்ளைக்காரன் செய்துவிட முடியும்? மாமாவின் பேனாக் கத்தியால் இரண்டு பனியனை வளையம் வளையமாக அறுத்து, முறுக்கி, இழுத்து மாட்டினேன். ஜம்மென்று ஏறிவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கிளப்பினால் ஃபேன் சுற்றுகிறது!

"பாத்தீங்களா மாமா, தொழில் தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் இதுதான் வித்தியாசம்" என்று நான் சொன்னது உண்மை. மறைக்கவில்லை.

சரியாக நாலு மைல் ஓடியது. பெண் வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்புகிற தடத்தில், அவர்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, 'டபார்' என்று ஒரு சத்தம். இன்ஜின் நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் திருப்பூர்ப் பனியன் நார் நாராகி ஃபேனிலும் டைனமோவிலும் சுற்றிக்கொண்டு, உள்ளே ஒரு குருவி கூடு கட்டியிருந்தது போலிருந்தது. அவர்கள் வந்து சேர்வதற்குள் இந்தக் கண்றாவியை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் டைனமோவுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவில் வலது கையை விட்டேன். கை போயிற்று. வாட்ச் ஸ்டிராப் எதிலோ மாட்டிக்கொண்டது. கை வரவில்லை.

தோள்வரை உள்ளே, கன்னம் மட்கார்டில், பின்பக்கம் பெண் வீட்டாருக்கு. வேட்டி நுனி காற்றில் ஆடுகிறது. இந்தக் கோலத்தில்தான் நான் அவர்களுக்கு அறிமுகம் ஆனேன்.

"வாங்க மாப்பிள்ளை" என்றது ஒரு கனத்த குரல். பெண்ணின் அப்பா.

"வந்தனங்க" என்றேன் இன்ஜினைப் பார்த்து.

"கை வலிக்குதுங்களா?"

"இல்லீங்க." (உயிர் போனது.)

மாமா தன் கையை விட்டுப் பார்த்தார். அவர் கை உலக்கை, நுழையவில்லை. பெண்ணின் அப்பாவுடையது அதைவிடப் பெரிசு. அம்மா அழாத குறையாக, "மணி நாலே கால் ஆச்சுங்களே, ராகு காலம் வந்துருமுங்களே" என்றாள்.

பெண்ணின் அப்பா யோசித்தார். "எங்க பாத்தா என்னுங்க? பொண்ணை இங்கயே கூட்டியாரச் சொல்றேன்" என்றார்.

அப்படியாக என் பெண் பார்க்கும் படலம் தடத்தில் நடந்தது. கொலுசுச் சத்தம் வந்தது. யாரோ காப்பி டம்ளரை என் இடது கையில் கொடுத்தார்கள். குடிக்க வழியில்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். குனிந்த தலை நிமிராமல் நிற்க வேண்டியது பெண். அன்றைக்கு அத்தனை அடக்கமாக நின்றவன் நான்தான்.

"கார் வாங்கி எத்தனை நாளாச்சுங்க?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

தரகர் சொல்லிக்கொடுத்த பதில் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்த நிலைமையில் பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டுமே. "என்னுது இல்லீங்க. எங்க முதலாளி காருங்க. எனக்குத் தோட்டமும் இல்லீங்க, காரும் இல்லீங்க" என்றேன். மாமா இருமினார். நாலாவது இடமும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது. "அப்பா, நம்ம கெணத்து மோட்டாருக்குப் பெல்ட்டு மாட்டறப்ப போல்ட்டை லூஸ் பண்ணி மோட்டாரை நகத்துவமல்லங்க? இதுலயும் அப்பிடி ஒண்ணு இருக்கோணுமுங்க. அந்தக் குண்டாட்டம் இருக்கறதை உள்ளாற தள்ளுனா, அவிய கையும் வருமுங்க, பெல்ட்டும் ஏறுமுங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. பெல்ட்டை இழுக்கக் கூடாது, டைனமோவை நகர்த்த வேண்டும்! மூன்று வருஷம் மிஷின் மேய்த்தவனுக்கு அது தோன்றவில்லை.

"ஆருங்க கைய உடறது?" என்றார் மாமா.

பெண்ணின் அப்பா மறுபடியும் யோசித்தார். "நீயே பாரு கண்ணு" என்றார்.

என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு கை இறங்கியது. கண்ணாடி வளையல்களை முழங்கைக்குத் தள்ளிவிட்ட மெலிந்த கை, ஸ்பேனரோடு. தடவித் தடவி போல்ட்டைக் கண்டுபிடித்தது. ஒரு திருப்பு, இரண்டு திருப்பு. டைனமோ சாதுவாக உள்ளே சாய்ந்தது. என் கை விடுபட்டது. நான் பார்த்துக்கொண்டே இருக்க, அந்தக் கை பனியன் நாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நான் சைஸ் சின்னது என்று திட்டிய அதே பெல்ட்டை மூன்று சக்கரத்திலும் மாட்டி, டைனமோவை இழுத்து நிறுத்தி, போல்ட்டை முடுக்கிவிட்டு மேலே போயிற்று.

அவசரமாக நிமிர்ந்தேன். பானெட்டில் மண்டை இடித்துக் கண்ணில் நட்சத்திரம் பறந்தது. அது தெளிவதற்குள், "மணி நாலரை, உள்ள வா சரசு" என்று அவள் அம்மா கூட்டிப்போய்விட்டார். நான் பார்த்தது ஒரு பின்னலும் கிரீஸ் படிந்த ஒரு கையும்தான்.

திரும்பி வரும்போது மாமா பஸ்ஸில் வந்தார்.

புதன்கிழமை தரகர் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "பெரியவர் என்னைய வாங்கு வாங்குன்னு வாங்கிப்போட்டாருங்க. ஆனா உங்களுக்குச் சரின்னு சொல்லிப்போட்டாரு. மாப்பிள்ளைகிட்டக் காரு இல்லாதது ரொம்ப நல்லதுன்னு பொண்ணு சொல்லுச்சாமா. இருந்தா வாராவாரம் இதே வேலையாப் போயிருமாம்." நான் அன்றைக்கு மிஷினுக்கு எண்ணெய் விடுவதாக நினைத்து என் சட்டைக்கே விட்டுக்கொண்டேன்.

முகூர்த்தத்தன்றுதான் சரஸ்வதியின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். யார் வந்து எங்கள் பெண் பார்த்த கதையைக் கேட்டாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "அவிய என்னையப் பாக்கவே இல்லீங்க. நான்தான் அவிய முதுகைப் பாத்தேன். மூஞ்சியப் பாத்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

எங்கள் மகளைப் பார்க்க வந்தவர்களிடமும் இதை விலாவாரியாகச் சொன்னாள். கூடமே சிரித்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைப் பையன், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். என் மகள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "இது போதுங்களா?" என்றான்.

என் மகள் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டோம்.