இடது கால் வந்து சேரும் வரை

தனக்குப் பதவி ஆசையே கிடையாது என்று சொல்கிற ஆளைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். நாலு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டு திரிகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

எங்கள் வட்டாரக் காலணித் தொழில்நுட்பாளர் சங்கத்துக்கு நான் தலைவரானது போட்டியிட்டு ஜெயித்து அல்ல. அந்தக் கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்திருந்தோம். (பிரியாணி போடுகிற ஆண்டு விழாவுக்கு நூற்றிருபது பேரும் வருவார்கள். தீர்மானம் போடுகிற கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்தாலே அது மாநாடு.) பதினோரு வருஷம் தலைவராக இருந்த தாமோதரன் சார் எழுந்து, “எனக்கு முடியலப்பா, வேற யாராவது பாத்துக்குங்க” என்றார். அவர் வருஷா வருஷம் இப்படிச் சொல்வதும், எல்லோரும் “நீங்களே இருங்க சார்” என்பதும், அவர் பெருமூச்சு விட்டு ஒப்புக்கொள்வதும் வழக்கமாம். அதுவரை பிரியாணிக்கு மட்டுமே போனவன், எனக்கு அது தெரியாது. உண்மையாகவே பரிதாபப்பட்டுவிட்டேன்.

“பாவம், சாரை விட்றலாங்க. எவ்ளோ நாள்தான் கஷ்டப்படுவாரு?” என்றேன்.

தாமோதரன் சார் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு தோலை ஊறப்போட்டிருந்தால் தானாகவே பதப்பட்டிருக்கும். “அப்ப நீயே பாரு” என்றார். பார்க்க ஆரம்பித்தேன்.

அவர் காலத்தில் ஆண்டு விழாவுக்கு வருகிற எல்லோருக்கும் ஒரு ஹாட்பேக் கொடுப்பார். பதினோரு வருஷம், பதினோரு ஹாட்பேக். எங்கள் வீட்டில் சாதம், குழம்பு, இட்லி மட்டுமல்ல, என் மனைவி தேன்மொழியின் நூல்கண்டுகூட ஹாட்பேக்கில்தான் இருக்கும். ஷூ செய்கிறவர்கள் சங்கத்தில் ஹாட்பேக் எதற்கு என்று எனக்கு ஆத்திரம். அந்த வருஷம் ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவரவர் அளவில் ஷூ கொடுப்பது என்று முடிவு செய்தேன். தாமோதரன் சாரை ஊர் மறந்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்தக் கெட்ட எண்ணமும் எனக்கு இல்லை.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூம் மேனேஜர் நான். முதலாளியிடம் கேட்டேன். “மீந்த தோல் கிடக்குது, செஞ்சிக்கோ” என்றார். சங்கச் செயலாளர் அப்ரார் பாய் நூற்றிருபது பேருக்கும், விழாவுக்கு அழைத்திருந்த சிறப்பு விருந்தினருக்கும் போன் போட்டு கால் அளவு வாங்கினார். நான் எங்கள் சாம்பிள் படிவத்தை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக அளவை எழுதி, எண்ணிக்கை என்ற கட்டத்தில் ‘1’ என்று போட்டேன். ஆளுக்கு ஒரு ஜோடிதானே?

இங்கேதான் சாம்பிள் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுக்கும் முன் அவனுக்குக் காட்ட ஷூ செய்கிற இடம் அது. பார்ப்பதற்கு ஒரு கால் போதும். அதனால் எங்கள் படிவத்தில் எண்ணிக்கை என்றால் ஜோடிக் கணக்கல்ல, ஒற்றைக் கணக்கு. வேறு ஒன்றும் எழுதாவிட்டால் வலது கால். இந்த விதியை எழுதிய மகான் யார்? நான்தான். ஒரு முறை யாரோ இடது காலைச் செய்துவிட்டார்கள் என்று தையத்தக்கா என்று குதித்து, விதியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியதும் நானேதான்.

சாம்பிள் ரூம் சூப்பர்வைசர் ஜெயந்தி படிவத்தோடு வந்து கேட்டார்: “சார், எல்லாமே ஒண்ணுதானா?”

“பின்ன, ஆளுக்கு ரெண்டா குடுப்பாங்க?” என்று சிரித்தேன். ஜெயந்தி சுவரில் இருந்த விதியை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

விழா நாளன்று பெட்டிகளை மண்டபத்தில் இறக்கும்போது அப்ரார் பாய், “தலைவரே, பொட்டி ரொம்ப லேசா இருக்கே?” என்றார். “அதான் பாய் நம்ம தொழில்நுட்பம்” என்றேன். ஒரு பெட்டியையாவது திறந்து பார்த்திருக்கலாம். தலைவரான பிறகு நான் எதையும் திறந்து பார்ப்பதில்லை, உரை எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த உரையை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாமோதரன் சாரைப் பார்த்துக்கொண்டே, “நம் சங்கம் இத்தனை நாள் ஒற்றைக் காலில் நின்றது. இன்று முதல் இரண்டு கால்களில் நடக்கும்!” என்று முழங்கினேன். கைதட்டல். சிறப்பு விருந்தினர் வேலூரிலிருந்து வந்திருந்த ஓர் எலும்பு டாக்டர். முதல் பெட்டியை அவரிடம் கொடுத்து, மேடையிலேயே திறக்கச் சொன்னேன். (போட்டோவுக்கு.)

டாக்டர் ஒரு ஷூவை எடுத்தார். பளபளவென்று அழகான பழுப்பு. பெட்டிக்குள் மறுபடி கை விட்டார். காகிதத்தை எடுத்தார். பெட்டியைக் கவிழ்த்தார். அப்புறம் மைக்கைப் பிடித்து, “நான்கூட ஒரு நேரத்தில் ஒரு காலுக்குத்தான் ஆபரேஷன் செய்வேன்” என்றார்.

அதற்குள் நூற்றிருபது பெட்டிகள் திறக்கிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. “எனக்கும் ரைட்டு!” “இன்னாப்பா, உனக்கும் ரைட்டா?” யாரோ, “மாத்திக்கலாம்னா மாத்திக்கறதுக்கும் லெஃப்டு இல்லயே!” என்று கத்தினார்கள். தாமோதரன் சார் முகத்தில் பதினோரு வருஷத்தில் நான் பார்க்காத ஒரு சாந்தம்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஷூவுக்கு இரண்டு கால் என்று தெரியாதவன் தலைவராம், சாம்பிள் ரூம் மேனேஜராம் என்று ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் சிரிப்பார்கள். இத்தனை வருஷம் தொழிலில் சம்பாதித்த பெயர் ஒரே ஒரு ‘1’-ல் போகப்போகிறது. என்ன பேசுகிறேன் என்று தெரியாமலே மைக்கைப் பிடுங்கி, “இடது கால் அடுத்த கூட்டத்தில்! நேரில் வருபவர்களுக்கு மட்டும்!” என்றேன்.

எவனோ புண்ணியவான் கைதட்டினான். திட்டம் போட்டுத்தான் செய்திருக்கிறேன் என்று பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். மீதிப் பாதியிடம் தாமோதரன் சார் பேச ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் இடது கால் கேட்டு முதலாளி முன்னால் நின்றேன். அவர் சிரித்து முடிக்கக் காத்திருந்தேன். “அந்தத் தோல் தீர்ந்துபோச்சே. வேற லாட்டு இருக்குது, கலர் கொஞ்சம் வெளுப்பா வரும், பரவால்லியா?” என்றார். பரவாயில்லை என்றேன். படிவத்தில் ‘இடது’ என்று மூன்று இடத்தில் எழுதினேன். ஜெயந்தி அதை வாங்கிக்கொண்டு, “இப்பவும் ஒண்ணுதானே சார்?” என்று கேட்டார்.

ஒரு மாதம் கழித்துக் கூட்டம். பிரியாணி இல்லை, டீயும் பிஸ்கட்டும்தான். தலைவரை நீக்கும் தீர்மானத்தோடு தாமோதரன் சார் மேடையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வழக்கமான பத்தொன்பது பேர் வந்தால் பதினைந்து பேர் அவருடைய ஆட்கள். என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன்.

கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் வலது காலிலும் புது ஷூ. இடது காலில் ரப்பர் செருப்பு. அங்கேயே வாங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளத் தயாராக வந்திருக்கிறார்கள்! வாட்ச்மேன் திகைத்துப்போய், “இன்னா பாய், எதுனா வேண்டுதலா?” என்று அப்ரார் பாயைக் கேட்டாராம்.

ஆனால் இடது கால் வந்த பாடில்லை. வண்டி மாதனூர் கிட்டே பஞ்சராகி நிற்கிறது என்று போன். தாமோதரன் சார் அந்த நேரம் பார்த்துத் தீர்மானத்தைப் படித்தார். “ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க.”

பாதிக் கைகள் எழுந்தன. அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “இருங்கப்பா. இப்ப இவரை இறக்கிட்டா நம்ம லெஃப்டை யாரு குடுப்பாங்க?” என்றார்.

எழுந்த கைகள் அப்படியே நின்றன.

“நான் குடுக்கறேன்” என்றார் தாமோதரன் சார்.

“நீங்க ஹாட்பேக்குதானே சார் குடுப்பீங்க?”

கைகள் இறங்கின. அப்ரார் பாய் மினிட் புத்தகத்தை விரித்து, எல்லோரும் சொல்லச் சொல்ல ஒரு புதுத் தீர்மானம் எழுதினார்: “உறுப்பினர்கள், சிறப்பு விருந்தினர் அனைவருக்கும் இடது கால் வந்து சேரும் வரை இப்போதைய தலைவரே நீடிப்பார்.” ஒருமனதாக நிறைவேறியது. ஒருமனதாக என்றால் தாமோதரன் சாரும் சேர்த்துத்தான். கையெழுத்துப் போட அவர் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தபோதுதான் பார்த்தேன், அவர் வலது காலிலும் புது ஷூ, இடது காலில் ரப்பர் செருப்பு.

வண்டி வந்தது. எல்லோருக்கும் இடது கால் கிடைத்தது. வலது அடர் பழுப்பு, இடது வெளிர் பழுப்பு. இன்றைக்கும் பஸ்ஸில் அப்படி இரண்டு நிறத்தில் ஷூ போட்ட ஆளைப் பார்த்தால் எங்கள் சங்கத்துக்காரர் என்று அர்த்தம்.

ஒரே ஒரு ஷூ மட்டும் மிஞ்சிவிட்டது. எலும்பு டாக்டர் அதற்குள் மகளோடு இருக்க வெளிநாடு போய்விட்டார். அவருடைய இடது கால் எங்கள் வீட்டு பீரோ மேல், பெட்டிக்குள். ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் அப்ரார் பாய் எழுந்து, “டாக்டர் லெஃப்டு போய்ச் சேந்துச்சா?” என்பார். “இல்ல பாய்.” “அப்ப நீங்கதான் தலைவரே.” நானும், “எனக்கு இந்தப் பதவியே பேஜாரா இருக்குது, என்ன பண்றது” என்று பெருமூச்சு விடுவேன். (தாமோதரன் சாரிடம் கற்றுக்கொண்ட பெருமூச்சு.) சங்க வேலை என்று நான் நேரம் கழித்து வரும் நாளில் எல்லாம் தேன்மொழி, “கூரியர்னு ஒண்ணு இருக்குதுங்க” என்று சொல்லிப் பார்ப்பாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. டாக்டர்! ஊருக்கே திரும்பிவிட்டாராம். “தலைவரே, அந்த இடது ஷூ இருக்கிறதா? ஆள் அனுப்பட்டுமா?” என்று கேட்டார்.

நான் பீரோவை அண்ணாந்து பார்த்தேன். தேன்மொழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் தானாகச் சொன்னது: “லெஃப்டு இன்னும் ரெடியாகல சார்.”

போனை வைத்தேன். அவள் தட்டைப் போட்டு, எதிரே இரண்டு ஹாட்பேக்கை வைத்தாள். ஒன்றில் ஆவி பறக்கச் சாதம். இன்னொன்றைத் திறந்தேன். காலி.

“குழம்பு எங்கம்மா?”

“சாதம் ரைட்டு, குழம்பு லெஃப்டு” என்றாள். “அடுத்த கூட்டத்துல தர்றேன்.”