தெருக்குத்தும் தெருப்பார்வையும்

ஜூலை 10, வியாழன்.

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை. 'அறம், பொருள், இன்பம், வீடு' என்று பொருளை முன்னும் வீட்டைப் பின்னுமாக எழுதியாகிவிட்டது. வீடுதான் முதலில், பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பேருண்மையைத் திண்டுக்கல் மாநகருக்கு அருளியவர் பாத்திரக் கடை பொன்னழகு.

சாணார்பட்டி சாலையில் வீரன் என்பவரின் வீட்டைப் பார்த்த மாத்திரத்தில், தன் வீட்டை விற்பதற்கு முன்பே, மனைவி மணிமேகலையின் சங்கிலியை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்தார் அவர். தூண்டுகோல், வீட்டுத் தரகர் ஒச்சப்பன். "ஒங்க வீடு தெருக்குத்துண்ணே. தெரு நேரா வந்து வாசல்ல முட்டுது. குடும்பத்துக்கு ஆகாது" என்று 'சமூக சேவை' உணர்வோடு எச்சரித்திருந்தார்.

ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிக்காவிட்டால் அட்வான்ஸ் போய்விடும். பொன்னழகின் வீட்டை வாங்கத்தான் ஆளில்லை. அந்தக் குறையும் இன்று தீர்ந்தது.

"ஆள் சிக்கிருச்சுண்ணே!" என்று ஒச்சப்பன் மூச்சிரைக்க வந்தார். "அவரு வீடு வித்ததும் பணத்தக் கையில குடுத்துருவாரு."

"அவரு வீட்ட யாரு வாங்குறா?"

"நீங்கதாண்ணே!"

ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து வீரன் கூச்சத்துடன் இறங்கினார்.

பொன்னழகு மலைத்துப் போனார். மணிமேகலை மலைக்கவில்லை. "தெருக்குத்து எங்களுக்கு ஆகாதுன்னீங்க. இந்த அண்ணனுக்கு மட்டும் ஆகுமா?"

"அவரு ராசிக்கு அது தெருப்பார்வை, தங்கச்சி. அம்புட்டும் யோகம்!"

"எங்க கெணறு இருக்குற மூல சரியில்லன்னியே?" என்று ஒச்சப்பனைக் கேட்டார் வீரன்.

"ஒங்களுக்குத்தான் சரியில்ல. பொன்னழகு அண்ணனுக்கு அமிர்தம்!"

இரு வீட்டுக் குறைகளையும் ஒரே மூச்சில் நிறைகளாக்கிய அந்த ஞானத்துக்குப் பொன்னழகு ஒரு கும்பிடு போட்டார். பிறகு வீரனிடம் திரும்பினார். "யாவாரமே வேணாம். எங்க அட்வான்ஸக் குடுத்துருங்க."

"அத இன்னைக்குக் காலையிலயே ஒங்க வீட்டுக்கு அட்வான்ஸா ஒங்ககிட்டக் குடுக்கச் சொல்லி, இவருகிட்டத்தான குடுத்தேன்!"

எல்லோரும் ஒச்சப்பனைப் பார்த்தார்கள்.

"ரெண்டு வீடு, ரெண்டு பக்கமும் கமிஷன். அதுக்கே சரியாப் போச்சுண்ணே. செத்த இருங்க, டீ சொல்லிட்டு வாரேன்."

ஸ்கூட்டர் போனது. டீ வரவில்லை.

ஊருக்கெல்லாம் வீடு காட்டும் அந்தப் பெருந்தகை, தன் வீட்டை மட்டும் ஒருவருக்கும் காட்டியதில்லை. அடக்கம் என்றுதான் ஊர் இதுவரை நினைத்திருந்தது.

நாளைய வேலை: காலையில் பொன்னழகும் வீரனும் சேர்ந்து போய் ஒச்சப்பனின் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். மணிமேகலை முன்னால் நடப்பார்.