ஜெர்மன்காரிக்கு எழுதிய மாத்திரை

மனநல மருத்துவர் செவ்வாய்க்கிழமை தோறும் நோயாளிகளைப் பார்ப்பார் என்று கடலூரில் ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் பெயிண்டால் எழுதியிருக்கிறது. சுவரை நம்பித்தான் சாமிக்கண்ணு தன் மனைவி கொளஞ்சியம்மாளைப் பெண்ணாடத்திலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டி வந்தார். மாத்திரை தீர்ந்ததிலிருந்து அந்த அம்மாள் கண்ணை மூடவில்லை. காதுக்குள் யாரோ பேசுகிறார்களாம்.

சுவர் பொய் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது, டாக்டர்தான் வரவில்லை.

"மனநல விழிப்புணர்வு வாரம். டாக்டர் சிதம்பரத்துல புஸ்தக விழாவுல பேசறாரு. மேலிடத்து உத்தரவு" என்றாள் சீட்டுக் கொடுக்கும் பெண். "அவரு கையெழுத்து இல்லாம மாத்திரை கெடையாது."

"மாமா, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"செத்த சும்மா இரு."

சிதம்பரத்து மண்டபத்தில் அவளை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு சாமிக்கண்ணு உள்ளே போனார். ஒரு ஜெர்மன்காரப் பெண்மணியின் முதல் நாவல் தமிழில் வந்திருக்கிறதாம். புத்தி பேதலித்த கிளாரா என்ற ஜெர்மன்காரியின் கதை. போன மாதம் கொளஞ்சியம்மாளுக்குத் தலை நிமிராமல் சீட்டு எழுதிய அதே டாக்டர் செந்தமிழ்செல்வன், கிளாராவுக்காக மேடையில் கண் கலங்கினார். அவள் நோய் இன்னது, மாத்திரை இன்னது, காலையில் அரை, ராத்திரி ஒன்று என்று அளவோடு அருளினார். சபை உருகியது.

கேள்வி நேரத்தில் சாமிக்கண்ணு எழுந்தார். "தூக்கமே இல்லீங்க. காதுல யாரோ பேசறாங்களாம்."

"அருமை! எத்தனாம் பக்கம்?" என்றார் விழாத் தலைவர்.

"பக்கம் இல்லீங்க, எம் பொண்டாட்டி. அந்த மாத்திரைய இவளுக்கும் எழுதிக் குடுத்தா..."

"நோயாளிய நேர்ல பாக்காம எழுதக் கூடாதுங்க. விதி இருக்கு" என்றார் டாக்டர்.

"ஜெர்மன்காரிய நேர்லயா பாத்தீங்க?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

"இவ வாசல்லதாங்க ஒக்காந்திருக்கா."

"வாசல்ல வச்சி எப்படிங்க பாக்கறது? செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டு வாங்க."

"இன்னிக்கு செவ்வாக்கெழமதாங்க."

டாக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிறந்த வாசகர் என்று சாமிக்கண்ணுவுக்குப் பொன்னாடை போர்த்தி, டாக்டர் கையெழுத்திட்ட நாவல் ஒன்றைப் பரிசளித்து அனுப்பி வைத்தார்கள்.

கையெழுத்துதான் கிடைத்துவிட்டதே! நேராக மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து டாக்டருதுதான். சீல் இல்லியே."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சாமிக்கண்ணு பின்னட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார். 'நோயாளி சொல்வதை உலகம் காது கொடுத்துக் கேட்பதில்லை.' மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னா அநியாயம் பாரு! அந்த ஊர்ல ஒருத்தன்கூட கேக்கலியாம்."

"மாமா, ஒண்ணு சொல்லட்டா?"

"படிக்கிறேன்ல? செத்த சும்மா இரு."