கொம்பையாவைத் தொடக் கூடாது

வெண்கோட்டை நாட்டில் மழை பொய்த்த ஆண்டு உண்டு. சடுகுடு நடக்காத ஆண்டு கிடையாது. அரசர் பெயரைக் கேட்டால் மக்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். சிறந்த ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் கொம்பையா என்பார்கள்.

அங்கே ஒரு வழக்கம். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் ஒவ்வொரு ஆட்டக்காரரிடமும், "எலும்பு முறிந்தால் யாருக்குச் சொல்லியனுப்ப?" என்று ஊர் கேட்கக் கேட்பார். மனைவி பெயரையோ தாய் பெயரையோ சொல்வார்கள். ஒன்பது ஆண்டுகளாக "யாருமில்லை" என்று சொல்லிவந்த கொம்பையா, பத்தாம் ஆண்டு நிமிர்ந்து நின்றார்.

"மாட்டு வைத்தியர் தவசிக்குச் சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் பன்னெண்டு வருசமா ஒரே வீட்ல குடும்பமா வாழறோம். இனிமே மறைக்கிறதா இல்ல."

ஏழு பேர் பிடியை உதறி வருவதைவிட இதற்கு நெஞ்சுரம் வேண்டும். கடலை விற்ற அம்மாள்தான் முதலில் பேசினார்.

"அதான் சொல்லிட்டாருல்ல? ஆட்டத்த ஆரம்பிங்கய்யா!"

கூட்டம் சிரித்தது, பிறகு கைதட்டியது. ஒழுக்கத்துறை அமைச்சர் மட்டும் தட்டவில்லை.

"மக்களின் மனம் புண்பட்டிருக்கிறது. அது அவர்களுக்கே இன்னும் தெரியவில்லை," என்றார்.

மறுநாள் ஆணை வந்தது. கொம்பையாவையும் தவசியையும் எவரும் தொடக் கூடாது. அவர்கள் தொட்டதையும் தொடக் கூடாது.

தவசி கை படாத மாடு அந்த நாட்டில் ஏது? கறக்க ஆளில்லாமல் மாடுகள் மடி கனத்துக் கதறின; பாலில்லாமல் குழந்தைகள் அழுதன. அமைச்சர் பெருந்தன்மையோடு ஆணையைத் திருத்தினார்: மாட்டைத் தொடாமல் கறந்துகொள்ளலாம்.

மைதானத்தில் கதை இன்னும் மோசம். கொம்பையா கோட்டைத் தாண்டியதுமே எதிரணி ஏழு பேரும் எல்லைக்கு வெளியே ஓடினார்கள். ஐந்து ஆட்டங்களில் அவர்மேல் ஒரு விரல் படவில்லை. ஐந்திலும் வெற்றி. அரசர் பிறந்தநாளன்று நடந்த ஆறாவது ஆட்டத்தில் அவர் சடுகுடு பாடிப் போகாமல் நடுக்கோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பிடிக்க ஆளில்லாம என்னய்யா ஆட்டம்? இதோட விட்டுடறேன்."

உயிரைக் கொடுத்து ஆடிய மனிதர் அப்படிச் சொன்னபோது பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

"அரச விழாவை அவமதித்த இவரைக் கட்டி இழுத்து வாருங்கள்!" என்று அமைச்சர் முழங்கினார்.

காவலர் தலைவர் பணிந்து வணங்கினார். "தொடாமல் கட்டுவது எப்படி என்று தாங்கள் ஓர் ஆணை பிறப்பித்தால் உடனே கட்டிவிடுகிறோம்."

அமைச்சர் யோசிக்கத் தொடங்கினார். அதற்குள் எதிரணித் தலைவர் பேச்சிமுத்து மைதானத்துக்குள் வந்து தொடையைத் தட்டினார். கொம்பையாவிடம் தோற்றுத் தோற்றே பெயர் வாங்கியவர் அவர்.

"எந்திரிண்ணே. பாடி வா. நாங்க பிடிக்கிறோம்."

கொம்பையா எழுந்தார். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாடிப் போனார். பேச்சிமுத்து காலைப் பிடித்தார். இருவர் இடுப்பை வளைத்தார்கள். மற்ற நால்வரும் மேலே விழுந்தார்கள். புழுதி அடங்கியபோது, கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி ஏழு பேருக்கு அடியில் கிடந்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவுட்டு!" என்றார் நடுவர். கொம்பையா வென்ற எந்த ஆட்டத்துக்கும் அவ்வளவு கைதட்டல் விழுந்ததில்லை. அரசரே எழுந்து நின்று தட்டினார். அதைப் பார்த்த அமைச்சரும் அவசரமாக எழுந்து தட்டினார். ஆரம்பத்திலிருந்தே தாம் கொம்பையாவின் பக்கம்தான் என்று அருகிலிருந்தவரிடம் சொன்னார்.

ஆணையை மட்டும் இன்றுவரை திரும்பப் பெறவில்லை.