ராகுகாலத்துப் பொன் வெளிச்சம்

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் ஒரு வகைப் பிராணி உண்டு, வாசகரே. ஆண்டு முழுவதும் நம்மைப் போலவே சோறு தின்று, பஸ் பிடித்து, மோர்ட்கேஜைத் திட்டிக்கொண்டு திரியும். ஏப்ரலில் இங்கே இலையுதிர்காலம் தொடங்கி முதல் இலை பழுத்ததும் அதற்குப் பித்தம் தலைக்கேறிவிடும். வர்ணப் பொறுப்பாளர் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

மவுண்ட் ரோஸ்கில் பக்கத்து இராசமலர் அக்காவைப் பாருங்கள். நடைபாதையில் விழுந்த இலைகளைப் பொறுக்கிக் கைப்பைக்குள் வைத்து, புடவைக் கடையில் ஒவ்வொரு துணியோடும் ஒட்டிப் பார்த்து, "மஞ்சள்தானே அக்கா" என்ற கடைக்காரரை "மஞ்சளோ! தம்பி, இது கடுகு" என்று திருத்தி, மகள் வித்தியாவின் மோதிர மாற்றத்துக்கு வருகிற அத்தனை பேருக்கும் வட்சப்பில் நிறம் பங்கிட்டவர். மாப்பிள்ளை வீட்டாருக்குத் துரு. எனக்குப் பூசணி. கணவர் நவரத்தினத்துக்குச் சருகு.

"ஏனப்பா எனக்கு மட்டும் சருகு?"

"உங்கட முகத்துக்கு அதுதான் எடுப்பு."

நிறம் மட்டும் போதுமா? வெளிச்சமும் வேண்டுமாம். பின்வளவு மேப்பிள் மரத்தினூடாகச் சாய்ந்து விழும் பொன் வெளிச்சம். அது பின்னேரம்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் கூடவே வருவது என்ன? ராகுகாலம்! அக்கா ஐயரிடமே கேட்டுவிட்டார்.

"ஐயா, ராகுகாலத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கேலாதோ?"

ஐயர் தண்ணீர் கேட்டார்.

மோதிரம் மாற்றும் நாளன்று பார்த்து வானம் மூடிக்கிடந்தது. அக்கா தேத்தண்ணிக்கு மேல் தேத்தண்ணி கொடுத்து, ரோல்ஸ் தட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, வெளிச்சத்துக்காக நேரத்தை இழுத்தார். மாப்பிள்ளையின் தாய், எப்சம் பக்கத்துப் பாக்யலட்சுமி, பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ராகுகாலம் தொடங்கப்போகுது. இப்ப மோதிரம் போடாட்டி நாங்கள் வெளிக்கிடுறம். பிறகு சம்பந்தமும் இல்லை."

வித்தியாவின் கண் நிரம்பிவிட்டது. "அம்மா, ப்ளீஸ்! ஐ டோன்ட் கெயார் அபவுட் த லைட்!"

அக்கா வானத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பாவம், தாயல்லவா!

"போடுங்கோ" என்றார்.

அவருடைய திட்டத்திலேயே இல்லாத சாம்பல் நிறத்தில் மோதிரம் மாறியது. ஐயர் பையைக் கட்டினார். ராகுகாலம் பிறந்தது. மேகம் விலகியது!

என்ன வெளிச்சம் அது! மேப்பிள் இலைகளுக்குள்ளால் புகுந்து துருவிலும் கடுகிலும் பூசணியிலும் வழிந்து, நவரத்தினத்தாரின் சருகைக்கூடத் தங்கமாக்கிவிட்டது. எனக்கே தலை கிறுகிறுத்தது. அக்கா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்தார்.

அப்போதுதான் பாக்யலட்சுமி தன் துருநிறச் சேலைத் தலைப்பை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"யசீகரன், மோதிரத்தைக் கழட்டு. ரெண்டு பேரும் திரும்பப் போடுங்கோ. படத்தில ராகுகாலம் தெரியாது."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் துரு, கடுகு என்று நான் சொல்லிக்கொண்டு போனபோது, குனிந்து உங்கள் உடுப்பை ஒரு தரம் பார்த்தீர்களே, அது எதற்காம்?